கடல் காணா மங்கலமும் கான்டன் மட்டியும்

திருப்பூருக்கு மேற்கே நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்துள்ள மங்கலம், விசைத்தறியின் ஓசையில் கண் விழித்து அதே ஓசையில் கண்ணயரும் ஊர். தறி ஓட்டுவோரும், பனியன் கம்பெனிக்குச் செல்வோரும், நூல் வணிகம் புரிவோரும் வாழும் இவ்வூருக்கும் கடலுக்கும் தொடர்பில்லை. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மேற்கே சென்றால் அரபிக்கடல். காவிரியைத் தொடர்ந்து கிழக்கே சென்றால் வங்கக்கடல். இரண்டும் தொலைவு. ஆதலால் கிளிஞ்சல் என்பதை எம்மூர்ப் பெரியவர்கள் அறிந்தது சுண்ணாம்பின் வழியாகவே. சுட்டு நீற்றிய கிளிஞ்சல் சுவரில் வெள்ளையாகும், வெற்றிலையில் தடவப்படும். அந்த ஓட்டினுள் ஓர் உயிர் இருந்தது என்பதும், அதை விரும்பி உண்ணும் மக்கள் உலகில் கோடிக்கணக்கில் உள்ளனர் என்பதும் எங்கள் சமையற்கட்டுகளை எட்டாத செய்திகள்.

இன்று நிலைமை மாறிவிட்டது. பின்னல் இயந்திரம், பொத்தான், ஜிப், செயற்கை இழைத் துணி என ஒவ்வொன்றின் பொருட்டும் திருப்பூர் வட்டாரத்து வணிகர்கள் சீன தேசம் சென்று வருகின்றனர். கான்டன் என்று முன்னர் அழைக்கப்பட்ட குவாங்சௌ நகரில் 1957ஆம் ஆண்டு முதல் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் நடைபெற்று வரும் மாபெரும் வணிகக் கண்காட்சி நம்மவர்க்கு நன்கு பழக்கமானது. அங்கே செல்லும் பிள்ளைகளை வழியனுப்பும் தாய்மார்கள் கேட்கும் முதற் கேள்வி, ‘சாப்பாட்டுக்கு என்னப்பா செய்வாய்?’ என்பதே. அக்கேள்விக்கு ஒரே ஒரு சட்டி மட்டிக்கறியை முன்வைத்து விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

ஒளிக்கோபுரத்தின் நிழலில்

குவாங்சௌவில் முஸ்லிம் பயணிக்கு முதல் ஆறுதல் ஹுவாய்ஷெங் பள்ளிவாசல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை நினைவுகூரும் பள்ளி என்பது அப்பெயரின் பொருள். சுமார் 36 மீட்டர் உயரமுள்ள அதன் மினாராவை ‘ஒளிக்கோபுரம்’ என்று அந்நகர மக்கள் அழைக்கின்றனர். முற்காலத்தில் முத்து நதியில் வந்த கப்பல்களுக்கு அது கலங்கரை விளக்காகவும் பயன்பட்டது என்பர். பள்ளிவாசல் 1350ஆம் ஆண்டிலும் 1695ஆம் ஆண்டிலும் மீண்டும் கட்டப்பட்டது. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களே இதை நிறுவினார்கள் என்பது அங்குள்ளோர் போற்றும் மரபு. வரலாற்றறிஞர்கள் அதனை ஏற்பதில்லை. அந்த நபித்தோழர் மதீனாவில் நல்லடக்கம் செய்யப்பட்டதாகவே நூல்கள் கூறுகின்றன. எனினும் அரபு நாட்டு வணிகர்கள் மிகப் பழங்காலத்திலேயே இத்துறைமுகத்தில் தங்கி வாழ்ந்தனர் என்பதில் ஐயமில்லை. தமிழர்க்கும் சீனம் புதிதன்று. இதே தென்சீனக் கரையில் உள்ள சுவான்சௌ நகரில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது.

நகரின் உணவுக் கடைகள் சிலவற்றின் முகப்பில் ‘சிங்ஜென்’ என்னும் இரண்டு சீன எழுத்துகளைக் காணலாம். தூய்மை, உண்மை என்பது அவற்றின் பொருள். ஹலால் என்பதற்குச் சீனர் வழங்கும் சொல் இதுவே. வடமேற்குச் சீனத்திலிருந்து வந்த ஹூய் முதலிய முஸ்லிம் இனத்தவர் நடத்தும் இக்கடைகளில் ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் கையால் இழுத்த கோதுமை நூடுல்ஸும் கிடைக்கும். வயிற்றை நிரப்ப இவை போதும். ஆனால் ஒரு நாட்டை அறிய அதன் கடைகள் போதா. வீட்டு அடுப்படியைக் காணவேண்டும். அந்த வாய்ப்பு, ஹாங்காங்கில் நெடுங்காலம் இரத்தின வணிகம் செய்து கான்டன் மொழியைச் சரளமாகப் பேசும் காயல்பட்டினத்து நண்பர் ஒருவரால் எனக்குக் கிட்டியது. துணி முகவராகப் பணிபுரியும் சீன இளைஞர் ஒருவர் எங்கள் இருவரையும் தம் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருந்தார்.

சீன அடுப்படியில்

அவ்வீட்டில் சமையல் பொறுப்பு முகவரின் பாட்டியாருடையது. முஸ்லிம் விருந்தினர் பன்றி இறைச்சி உண்ணார் என்பதை அக்குடும்பத்தார் நன்கறிவர். ஆகவே புதிய வாணலியும் புதிய தாவர எண்ணெயும் வாங்கி வைத்திருந்தனர். அந்தப் பண்பு நம் உள்ளத்தைத் தொடுவது.

அன்றைய சிறப்பு உணவு மட்டி. கட்டைவிரல் நுனியளவு முதல் பெரிய நெல்லிக்காய் அளவு வரை, ஓட்டில் பூக்கோலம் போட்டாற்போன்ற வரிகளுடன் காணப்படும் இந்த வகையைத் தெற்கே ‘ஹுவாஜியா’ என்கின்றனர். வடக்கே சிங்டாவ் நகரத்தார் ‘காலா’ என்கின்றனர். உலகில் வளர்க்கப்படும் இவ்வின மட்டியில் மிகப்பெரும் பங்கு சீனக் கடற்கரைச் சேற்று நிலங்களில் விளைவதே. விலை மலிவு, வேகும் நேரமும் குறைவு. எனவே அது பெருவிருந்துக்கு உரியது என்பதைக் காட்டிலும் அன்றாட வீட்டு உணவு என்பதே பொருந்தும்.

பாட்டியார் மட்டியைக் காலையிலேயே வாங்கி வந்து உப்புநீரில் இட்டிருந்தார். கடல்நீரை ஒத்த அளவு உப்பு, அதாவது ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 30 கிராம். அதன்மேல் ஒரு துணியை மூடி இருட்டாக்கி வைத்தால், கடலுக்கே திரும்பிவிட்டதாக எண்ணி மட்டி வாய் திறந்து உள்ளிருக்கும் மணலைக் கக்கிவிடுமாம். இரண்டு மணி நேரத்துக்குப் பின் பாத்திரத்தின் அடியில் மண் படிந்திருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். வாய் திறந்திருந்து, தட்டியும் மூடாதவை செத்தவை. அவற்றைத் தயக்கமின்றி எறிந்தார். உயிருள்ளது மட்டுமே சட்டிக்குள் செல்லும். இந்தப் பொறுமைதான் சீன மட்டிச் சமையலின் பாதி. வேகவைப்பது மீதிப் பாதி. அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

வாணலி புகையக் காய்ந்ததும் எண்ணெய், நசுக்கிய பூண்டு, மெல்லிய இழைகளாய் அரிந்த இஞ்சி, மிளகாய். அடுத்து உப்பிட்டுப் புளிக்கவைத்த கறுப்பு சோயா விதை. நம் கருவாட்டைப் போலச் சிறிதளவே போதும், மணம் வீடு முழுதும் பரவும். பின்னர் மட்டியைக் கொட்டி மூடினால் இரண்டு மூன்று நிமிடங்களில் ஓடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. உள்ளிருக்கும் கடல்நீரே குழம்பாகிவிடுவதால் உப்பு தனியே சேர்ப்பதில்லை.

இஞ்சி எதற்கு என்று கேட்டேன். மட்டி குளிர்ச்சி, இஞ்சி சூடு. இரண்டும் சேர்ந்தால்தான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்றார் பாட்டியார். எங்கள் ஊர்ப் பாட்டியர் வாயில் கேட்ட சொற்களைக் கான்டன் மொழியில் கேட்டபோது வியப்பு மேலிட்டது. பீர்க்கங்காயும் மட்டியும் சேர்த்த கறி, வெண்பூசணியும் மட்டியும் இட்ட சாறு, அடித்த முட்டையில் மட்டியை வைத்து ஆவியில் அவித்த பதார்த்தம் எனச் சீன வீடுகளில் வழங்கும் பிற வகைகளையும் அவர் எடுத்துரைத்தார். பீர்க்கு, பூசணி, இஞ்சி, பூண்டு, முட்டை எல்லாம் நம் சந்தையிலும் உள்ளவை. நமக்குப் புதியது மட்டி ஒன்றுதான்.

ஓட்டைக் கண்டோம், குப்பியைக் கண்டோமா?

ஓடுகள் திறக்கத் தொடங்கிய தருணத்தில் பாட்டியார் அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். காயல் நண்பர் உடனே எழுந்து மிகுந்த மரியாதையுடன் அவர்களுடைய மொழியில் ஏதோ கூறினார். பாட்டியார் சிரித்தபடி குப்பியைத் திருப்பி வைத்துவிட்டு, இன்னும் சிறிது இஞ்சிச் சாற்றைப் பிழிந்துவிட்டார்.

“என்ன காக்கா அது?” என்றேன்.

“தம்பி, இவ்வளவு நேரமும் நீங்கள் சிப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அது அரிசி மது. நாற்றத்தைப் போக்க ஒரு கரண்டி ஊற்றுவார்கள். இவர்களுக்கு அது மது அல்ல. நமக்கு வினிகர் எப்படியோ அப்படி ஒரு சமையல் பொருள். பன்றி வேண்டாம் என்றால் புரிந்துகொள்வார்கள். மதுவைப் பற்றி நாம் தனியாகச் சொல்லாவிட்டால் அவர்களுக்கு நினைவே வராது” என்றார் அவர்.

சீன உணவைப் பற்றி நம்மவர் அறியவேண்டிய தலையாய செய்தி இதுவே. சமையலுக்கென வழங்கும் ஷாவ்சிங் முதலிய அரிசி மதுவில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவில் ஆல்கஹால் உண்டு. கொதிக்கும்போது எல்லாம் ஆவியாகிவிடும் என்று சமாதானம் கூறுவோர் உளர். முழுவதும் ஆவியாவதில்லை என்பதே அறிவியல் ஆய்வுகள் காட்டும் உண்மை; ஐந்து நிமிடச் சமையலில் கணிசமான பகுதி தங்கிவிடும். மேலும் போதைப் பொருளை உணவில் சேர்ப்பதே மார்க்கத்தில் ஆகாது. ஓட்டைக் கண்டு முகம் சுளிக்கும் நம்மவர், அதே கடையில் மீன் என்றும் கோழி என்றும் நம்பி உண்ணும் குழம்பில் இந்தக் குப்பி கவிழ்ந்திருக்கக் கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. கண்ணுக்குப் புதிதானது எல்லாம் விலக்கப்பட்டதுமன்று. கண்ணுக்குப் பழகியது எல்லாம் அனுமதிக்கப்பட்டதுமன்று.

ஒரே விரிப்பில் இரு மத்ஹப்

உணவு பரிமாறப்பட்டபோது காயல் நண்பர் பிஸ்மி கூறி மட்டியை உண்டார். நான் மட்டி சேர்க்காமல் அவித்த முட்டையையும் பீர்க்கங்காயையும் சோற்றுடன் உண்டேன். பாட்டியார் குழம்பிப் போனார். இருவரும் முஸ்லிம்கள், ஒரே மொழி பேசுகின்றனர், ஒருவர் உண்கிறார், மற்றவர் உண்ணவில்லை; ஏன்?

அவருக்கு நாங்கள் கூறிய விடை நம் இளைஞர்க்கும் தேவைப்படுவது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும், கேரளத்து மலபாரிலும், மலேசியாவிலும் ஷாஃபிஈ மத்ஹப் பின்பற்றப்படுகிறது. கொங்கு வட்டாரத்தில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபினர். கடல் வேட்டையும் அதன் உணவும் ஆகுமாக்கப்பட்டதாகக் கூறும் ஐந்தாம் அத்தியாயத்தின் 96ஆம் வசனத்தையும், கடலில் இறந்தது ஆகும் என்னும் கருத்திலமைந்த நபிமொழியையும் அவற்றின் பொதுப்பொருளில் கொண்டு, கடலில் மட்டுமே வாழும் உயிர்களை உண்ணலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பொதுவான நிலை. நீர்வாழ் உயிர்களில் மீன் மட்டுமே ஆகும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. இறாலை மீனாகக் கொள்ளலாமா என்பதில் ஹனஃபி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மட்டியில் அத்தகைய இடமில்லை. சீனத்து ஹூய் முஸ்லிம்களும் பெரும்பாலும் ஹனஃபிகளே. எனவே மட்டியின் தாயகமான சீனத்தில் உள்ள முஸ்லிமும், கடல் காணாத மங்கலத்து முஸ்லிமும் ஒரே சட்டத்தால் அதை விலக்குகின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் மறைந்த ஹிஜ்ரி 150ஆம் ஆண்டிலேதான் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பிறந்தார்கள். இருவரும் ஒரே வேதத்தையும் ஒரே நபியின் வழிமுறையையும் ஆய்ந்தே இம்முடிவுகளுக்கு வந்தனர். ஆதலின் ஒருவர் தட்டைப் பார்த்து மற்றவர் ‘சீ’ என்பது அறியாமை.

இதில் நமக்கு அழகிய முன்மாதிரி ஒன்று உண்டு. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் பாலைவன உடும்பின் இறைச்சி பரிமாறப்பட்டபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்கள். அது விலக்கப்பட்டதா என்று காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் வினவ, இல்லை, தம் மக்களின் நிலத்தில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்னும் கருத்தில் பதிலளித்தார்கள். காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்ணாமல் விலகுவது வேறு, உண்பவரை இகழ்வது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமா?

நீரின் சாட்சி

மட்டி உண்போர் அறியவேண்டிய எச்சரிக்கையும் உண்டு. ஒரு மட்டி நாளொன்றுக்குப் பல லிட்டர் நீரை உள்ளிழுத்து வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டு வாழ்கிறது. நீரில் கழிவு இருந்தால் அக்கழிவும் அதன் உடலில் சேரும். 1988ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஷாங்காய் நகரில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டனர். மாசடைந்த நீரில் எடுத்த மட்டியைச் சுடுநீரில் சற்றே நனைத்து அரைப்பச்சையாக உண்டதே காரணம். தமிழகத்திலும் 1981ஆம் ஆண்டு நச்சேறிய மட்டியை உண்டு மூவர் உயிரிழந்தனர். 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கடலின் சில நுண்பாசிகளால் மட்டியில் சேரும் இத்தகைய நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. உப்புநீர் மணலைப் போக்கும். நோயையும் நஞ்சையும் போக்காது.

நொய்யல் கரையில் வாழும் நமக்கு இது வெறும் கடற்கரைச் செய்தியன்று. பாசனத்துக்கென 1992ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியதையும், 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதையும் கண்டவர்கள் நாம். நீரில் இட்டது எங்கும் போய்விடுவதில்லை. ஏதோ ஓர் உயிரின் உடலில் சேர்ந்து ஒருநாள் நம் தட்டுக்கே திரும்புகிறது. ஹலால் எது என்று கேட்பவர் தூய்மையானது எது என்றும் கேட்கவேண்டும்.

கறிவேப்பிலை ஏறிய வாணலி

திரும்பும் வழியில் கோலாலம்பூரில் தங்கியபோது அதே மட்டியின் மற்றொரு கோலத்தைக் கண்டேன். மலேசியாவில் மட்டியை ‘லாலா’ என்கின்றனர். அந்நாட்டுச் சீனர் ‘கம் ஹியோங்’ என்னும் முறையில் அதைச் சமைக்கின்றனர். பொன்மணம் என்பது பொருள். காய்ந்த இறால், சிறு வெங்காயம், பூண்டு, ஊசி மிளகாய் ஆகியவற்றுடன் கறிமசாலைத் தூளும் கைப்பிடி கறிவேப்பிலையும் அதில் சேர்கின்றன. சீனத்தில் காணாத கறிவேப்பிலை இங்கே சீனரின் வாணலியில் எவ்வாறு ஏறியது? மலாயாவுக்குச் சென்று சீனரின் அண்டை வீட்டாராய் வாழ்ந்த நம் தமிழ் மக்களோடு ஏறியது. பக்கத்து வீட்டு மணத்தைத் தம் அடுப்பில் ஏற்றுக்கொண்ட அவர்களிடம் நாமும் கற்க இடமுண்டு.

மட்டி கிடைக்கும் கடற்கரை ஊர்ச் சகோதரிகள் விரும்பினால் இவ்வாறு செய்து பார்க்கலாம். தூய நீரில் பிடித்த, உயிருள்ள மட்டி ஒரு கிலோ. மேற்கூறியபடி இரண்டு மணி நேரம் உப்புநீரில் வைத்து, செத்தவற்றை நீக்கி, ஓட்டைத் தேய்த்துக் கழுவவும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் ஆறு பல் பூண்டு, ஓர் அங்குல இஞ்சி, நான்கு சிறு வெங்காயம், இரண்டு மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கி, ஒரு தேக்கரண்டி கறிமசாலைத் தூள் சேர்க்கவும். மட்டியைக் கொட்டி மூடி, எல்லா ஓடுகளும் திறந்த பின்னரும் சில நிமிடம் நன்கு வேகவிடவும். திறவாதவற்றை எறிந்துவிடவும். மதுவுக்குப் பதிலாக ஒரு கரண்டி இஞ்சிச் சாறும் இறக்கிய பின் சில துளி எலுமிச்சையும் போதும். சோயா சாறு சேர்ப்பதாயின் ஹலால் முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்கவும்.

ஹனஃபி இல்லத்தரசிகள் இதே மசாலையில் முள் நீக்கிய மீன் துண்டுகளையோ காளானையோ சேர்க்கலாம். மணத்தில் குறைவிராது.

இன்று மங்கலத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் சீனம் செல்கின்றனர்; மலேசியாவில் பணிபுரிகின்றனர்; கடற்கரை ஊர்களில் சம்பந்தம் செய்கின்றனர். கணவாயும் சிப்பியும் உண்டு வளர்ந்த மருமகள் கொங்கு நாட்டு வீட்டில் அடியெடுத்து வைக்கலாம்; அவற்றைக் கண்டிராத மருமகன் கடற்கரை வீட்டு விருந்தில் அமரலாம். அந்த வேளையில் மாமியார் கூறும் ஒரு சொல் அப்பெண்ணின் உள்ளத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கும். ‘எங்கள் வீட்டில் இது வழக்கமில்லை அம்மா’ என்பது ஒரு செய்தி. ‘இதையெல்லாமா தின்பீர்கள்?’ என்பது ஒரு காயம். முதற்சொல்லில் மத்ஹப் காக்கப்படுகிறது. இரண்டாம் சொல்லில் அது காக்கப்படுவதுமில்லை, உறவு மட்டும் முறிகிறது.

முஸ்லிம் அல்லாத ஒரு சீனப் பாட்டியார், நாங்கள் ஏன் உண்ணவில்லை என்பதை முழுதும் அறியாமலே புதிய வாணலி வாங்கினார். உணவு பற்றிய நெறியை மதிக்க அதில் உடன்பாடு தேவையில்லை, அன்பு போதும் என்பதை அவரிடம் கண்டேன். ஒரே கிப்லாவை நோக்கி நிற்கும் நாம் ஒருவர்க்கொருவர் அவ்வளவேனும் செய்ய வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக!